ஓட்டில்லாத நாற்காலிகள்

1945 ஜூன் 26 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர்கள் இருவர். சமஸ்தானங்களின் சார்பில் வந்த வி.டி.கிருஷ்ணமாச்சாரி ஒருவர், குழுத் தலைவர் ஆற்காடு ராமசாமி முதலியார் மற்றவர். இந்தியாவுக்கு அப்போது விடுதலை கிடைக்கவில்லை. அந்த மாநாடு நடந்த நாட்களில் அதே நகரத்தில் விஜயலட்சுமி பண்டிட் பத்திரிகையாளர்களைச் சந்தித்து, உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் இந்திய மக்களின் பிரதிநிதிகளே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. முதலியாரை அனுப்பியது வைஸ்ராயின் அரசு; எந்த வாக்காளரும் அல்ல. ஆனால், உள்ளே உட்கார்ந்திருந்தவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பொருளாதார, சமூக ஒத்துழைப்பு பற்றிய குழுவுக்கு அவரே தலைமை வகித்தார். வறுமையையும் நோயையும் தீர்க்காமல் போரை மட்டும் நிறுத்த முடியாது என்ற வாதம் வலுப்பெற்றது அந்தக் குழுவில்தான். 1946 ஜனவரியில் லண்டன் சர்ச் ஹவுசில் 18 நாடுகளைக் கொண்ட பொருளாதார, சமூக மன்றம் முதன்முதலாகக் கூடியபோது, அதன் முதல் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த மாதமே அந்த மன்றம் சர்வதேச சுகாதார மாநாட்டைக் கூட்ட முடிவெடுத்தது. அந்த ஆண்டு ஜூலை 22இல் நியூயார்க்கில் 61 நாடுகள் கையெழுத்திட்ட உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் அதன் விளைவு. அந்த நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்குப் பின்னாளில் தலைவரானவர் அவருடைய இரட்டைச் சகோதரர் லட்சுமணசாமி முதலியார். ஒரே பிரசவத்தில் பிறந்த இருவரில் ஒருவர் வழி திறக்க, மற்றவர் அந்த வழியில் போய் உட்கார்ந்தது உலக நிறுவனங்களின் வரலாற்றில் அபூர்வம்தான்.

ஓட்டு வாங்காமல் உட்கார்ந்த நாற்காலிகளில் இவ்வளவு வேலை செய்ய முடிந்த ஒருவரை நாம் எப்படி எடை போடுவது? திராவிட இயக்க வரலாறு எழுதுகிறவர்கள் அவரை நீதிக்கட்சியின் அறிவாளி என்று பாராட்டிவிட்டு 1930களோடு விட்டுவிடுகிறார்கள். தேசிய இயக்கத்தார் வெள்ளைக்காரன் பக்கம் நின்றவர் என்று ஒரு வரியில் முடிக்கிறார்கள். இரண்டுமே சோம்பல் கணக்கு.

1887இல் கர்னூலில் பிறந்தவர் அவர். ஆற்காடு அவருக்குக் குடும்பப் பெயரில்தான் இருந்தது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, சட்டப் படிப்பு, வக்கீல் தொழில், பிறகு நீதிக்கட்சி. டி.எம்.நாயர், கே.வி.ரெட்டி நாயுடு ஆகியோரோடு லண்டன் போய், சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் பிராமணரல்லாதாருக்குத் தனி இடம் வேண்டும் என்று வாதிட்ட குழுவில் அவரும் ஒருவர். 1919 ஜூலையில் நாயர் அங்கேயே இறந்துபோனார். கேட்டதில் ஒரு பகுதி கிடைத்தது: அடுத்த ஆண்டு மெஸ்டன் தீர்ப்பின்படி 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒரு கூட்டத்தார் மன்றத்தில் உட்காராதவரை அவர்களுடைய காரியம் அங்கே பேசப்படாது என்பதே அந்த வாதத்தின் சாரம். முதலியாரின் பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்த வாதத்தோடு ஒத்தும் முரண்பட்டும் போனது.

1920இல் சட்டமன்றம், 1928 முதல் 1930 வரை சென்னை மேயர், ‘ஜஸ்டிஸ்’ ஏட்டின் ஆசிரியர் என்று ஏறிக்கொண்டே போனவருக்கு 1934இல் அடி விழுந்தது. மத்திய சட்டசபைத் தேர்தலில் சென்னையில் காங்கிரசின் சத்தியமூர்த்தி அவரைத் தோற்கடித்தார். காற்று மாறிவிட்டது என்பதை அவர் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அதன் பிறகு அவர் ஏறிய பெரிய பதவிகள் எல்லாமே நியமனங்கள்: லண்டனில் இந்தியா மந்திரியின் ஆலோசனைக் குழு, 1939 முதல் வைஸ்ராயின் நிர்வாக சபை, 1942இல் சர்ச்சிலின் போர்க்கால அமைச்சரவை, பசிபிக் போர்க் குழு.

இந்தப் பட்டியலைப் பார்த்து முகம் சுளிப்பது எளிது. அதற்கு முன் ஒன்றைக் கவனிக்கலாம். வர்த்தகத் துறையைக் கவனித்த உறுப்பினராக இருந்தபோது, 1940இல் அறிவியல், தொழில் ஆராய்ச்சி வாரியம் அமைய அவர் துணை நின்றார். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் அதன் இயக்குநரானார். இரண்டே ஆண்டில் அது அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றமாக வளர்ந்தது. விடுதலைக்குப் பிறகு நேரு பெருமையோடு திறந்துவைத்த தேசிய ஆய்வகங்களின் வேர், காங்கிரஸ்காரர்கள் ஆட்சிக்கு வெளியே இருந்த காலத்தில் ஒரு நீதிக்கட்சிக்காரரின் மேசையில் ஊன்றப்பட்டது. 1955இல் ஐசிஐசிஐ தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே. அமைப்பு கட்டுவதில் அவருக்கு இருந்த கைத்திறன் கட்சிகளைத் தாண்டியது.

ஆனால், மைசூர் என்று ஒன்று இருக்கிறதே. 1946இல் அங்கே திவானாகப் போனார். சான்பிரான்சிஸ்கோவில் உலகத்து ஏழைகளுக்காகப் பேசிய அதே மனிதர், மைசூர் மக்கள் பொறுப்பாட்சி கேட்டபோது தயங்கினார், இழுத்தடித்தார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகும் ஆட்சி மக்கள் கைக்கு வரவில்லை. 1947 செப்டம்பரில் போராட்டம் வெடித்தது. ‘ஆர்காட் பாய்காட்’ என்பது தெருமுழக்கம். அந்த அக்டோபர் இறுதியில் கே.சி.ரெட்டி முதலமைச்சரானார். மைசூரில் ராமசாமி சதுக்கம் என்ற சந்திப்பு இன்றும் உண்டு. திவானின் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் போராட்டத்தில் சுடப்பட்டு இறந்த மாணவர் ராமசாமியின் பெயர் அது.

அவரிடம் இருந்தது அறிவுக் குறையல்ல. மனசாட்சிக் குறை என்றும் சொல்ல மாட்டேன். மக்களுக்காகப் பேசுவதும் மக்களுக்குப் பதில் சொல்வதும் வேறு வேறு. முதலாவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இரண்டாவதைப் பழகும் வாய்ப்பு 1934க்குப் பிறகு அவருக்கு இல்லாமலே போயிற்று. 1948 செப்டம்பரில் ஹைதராபாத் நிஜாம் பாதுகாப்பு சபைக்குப் போனபோது, பாரிசில் இந்தியாவின் வழக்கை எடுத்துச்சொல்ல நேரு அரசு அனுப்பியது இதே முதலியாரைத்தான். ஹைதராபாத் தனி நாடல்ல, அங்கு போய் முறையிடும் தகுதி அதற்கில்லை என்று வாதிட்டார். ஓராண்டுக்கு முன் மைசூரில் அவர் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டவர்களின் கட்சிதான் டெல்லியில் ஆண்டது. திறமையை வீணடிக்காத அந்தப் பெருந்தன்மையை நேருவின் கணக்கிலும் வரவு வைக்கலாம். பிறகு திருவிதாங்கூர் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1970இல் பத்ம விபூஷண், 1976 ஜூலையில் மரணம்.

இந்த மனிதரைப் பற்றி ஜவ்வாதுமலையை வைத்து யோசிப்பது சிலருக்கு வலிந்து செய்வதாகத் தோன்றலாம். அவர் காலத்தில் இந்த மலை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அவருடைய பெயரிலும் அதே ஆற்காடு இருந்தது. அதைவிட முக்கியமான காரணம் வேறு. அவர் 1919இல் கொண்டுபோன வாதமும் 1946இல் தொடங்கிவைத்த வேலையும் எதுவரை வந்து நின்றன என்பது இந்த மலையில் நன்றாகத் தெரிகிறது.

2023 மே மாதம், ஜவ்வாதுமலைத் தொடரில் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் உள்ள அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. சாலை இல்லாததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தாமதமானது. திரும்பும்போதும் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, தாய் குழந்தையின் உடலைச் சுமந்து நடந்தார். எட்டக்கூடிய மிக உயர்ந்த உடல்நலம் ஒவ்வொரு மனிதரின் அடிப்படை உரிமை என்று உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் சொல்லி அப்போது 77 ஆண்டுகள் ஆகவிருந்தன. சாலை போட அனுமதி என்று வந்தால் வனத்துறை; மருத்துவமனை என்றால் சுகாதாரத் துறை; கேட்பது யார் என்றால் பதில் இல்லை.

இங்கே வாழும் மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) வட ஆற்காடு மாவட்டத்தின் பெயரால் பட்டியலில் இடம்பெற்றவர்கள். அதாவது, அடையாளம் கிடைத்தது. பேரவையில் இடம் கிடைக்கவில்லை. தமிழகத்தின் 234 தொகுதிகளில் பழங்குடிகளுக்கு இரண்டு: ஏற்காடும் சேந்தமங்கலமும். மக்கள்தொகையில் ஏறத்தாழ ஒரு சதவீதம் என்பதால் அந்த எண்ணிக்கை பெரிதாகக் கூடப்போவதில்லை. ஆனால், ஜவ்வாதுமலையின் சிக்கல் அதோடு முடியவில்லை. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டத்தில், கலசப்பாக்கம் தொகுதியில். புதூர்நாடு திருப்பத்தூர் மாவட்டத்தில். பீஞ்சமந்தையும் ஜார்தான்கொல்லையும் வேலூர் மாவட்டத்தில், அணைக்கட்டுத் தொகுதியில். ஒரே மலை, ஒரே சாமை விவசாயம், ஒரே பழங்குடி, மூன்று ஆட்சியர்கள். எந்தத் தொகுதியிலும் மலையின் ஓட்டு வேட்பாளரைப் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. உள்ளாட்சியில் இடஒதுக்கீடு உண்டுதான். ஆனால், ஊராட்சித் தலைவர் கேட்டு வனச்சாலை வருவதில்லை.

தொகுதி மறுவரையறை பற்றித் தமிழகத்தில் எழும் பேச்செல்லாம் டெல்லியில் நமக்கு எத்தனை இடம் என்பதிலேயே நிற்கிறது. அந்தக் கவலை நியாயமானது. அதே வேளையில், மாநிலத்துக்குள் கோடு எங்கே விழுகிறது என்பதும் கேட்கப்பட வேண்டும். தனித்தொகுதி கிடைக்காவிட்டாலும், மலையின் மூன்று துண்டுகளையும் முடிந்தவரை ஒரே சட்டமன்றத் தொகுதிக்குள் சேர்க்கச் சொல்லி மறுவரையறை ஆணையத்திடம் மனுப் போடலாம். மாவட்ட எல்லையைத் தாண்டிக் கோடு போட ஆணையம் தயங்கும் என்றால், முதலில் அந்த எல்லையையே திருத்தும்படி மாநில அரசைக் கேட்கலாம். 2019இல் வேலூரை மூன்றாகப் பிரித்த அரசுக்கு, மலைக்காக ஒரு கோட்டை நகர்த்துவது பெரிய வேலையில்லை.