எடைச் சீட்டில் தமிழ் வரட்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால் ஓர் எடைமேடை அருகே சிறிது நேரம் நின்று பாருங்கள். லாரி மேடையேறி நிற்கும். அறைக்குள்ளே புள்ளி அச்சுப்பொறி 'கிர்ர்' என்று ஓடி, கார்பன் நகலோடு ஒரு சீட்டைத் தள்ளும். லேசர் அச்சுப்பொறி வந்த பிறகும் இது ஏன் விடைபெறவில்லை? இதன் ஊசிகள் மைநாடாவின் மேல் அடிக்கின்றன. அந்த அடிதான் கீழ்த்தாளிலும் நகலை விழச் செய்கிறது. லேசருக்கு அடிக்கத் தெரியாது!

நான் பார்த்த சீட்டுகளில் 'கிராஸ்', 'டேர்', 'நெட்' என்று எல்லாமே ஆங்கிலம். காலி வண்டியின் எடை போகச் சரக்கு எவ்வளவு என்று சரிபார்க்க வேண்டியவரோ ஓட்டுநர். தமிழ் மட்டும் படித்தவர் என்ன செய்வார்? கேட்டால், "இந்த மெஷினுக்குத் தமிழ் வராது சார்" என்கிறார்கள். இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை.

சிக்கல் இருப்பது உண்மைதான். எழுத்து முறையில் இயங்கும்போது இவ்வகைப் பொறி ஒரு பைட்டை ஓர் எழுத்தாகக் கொள்கிறது. யுனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் 'கொ' என்பது 6 பைட்டுகள். அதிலும் கொம்பு முன்னே, கால் பின்னே என்று பிரித்து வரைய வேண்டும். நேரே அனுப்பினால் தாளில் கிறுக்கல்தான் விழும். ஆனால் அதே ஊசிகள் படத்தையும் புள்ளி புள்ளியாக அடிக்கும். ஆகவே தமிழைப் படமாக்கி அனுப்பினால் போதும்.

லினக்ஸ் கணிப்பொறியில், படமில்லாத கருப்புத் திரையில் ஓடும் எடைச் சீட்டு நிரல் ஒன்றை நீங்கள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அச்சுப்பொறியின் ஆணைகளையெல்லாம் நிரலுக்குள்ளேயே திணிக்காதீர்கள். தாள் தீர்ந்தால் நிரலும் நின்றுபோகும். பொறியை மாற்றினால் நிரலையும் மாற்ற வேண்டும். 1973-ல் பெல் ஆய்வுக்கூடத்தில், டக் மெக்கில்ராய் சொன்ன யோசனையை ஏற்று, கென் தாம்சன் யுனிக்ஸில் 'பைப்' என்ற குழாயை அமைத்தார். ஒரு நிரல் வெளியிடுவதை அடுத்த நிரல் வாங்கிக்கொள்ளும். உங்கள் நிரல் சீட்டின் வரிகளை மட்டும் வெளியிடட்டும். 'பாப்ஸ்' என்ற இலவச நிரல் அவற்றை வாங்கித் தமிழ் எழுத்துகளாக வரையும். 'எல்பி' என்ற ஆணை அதை அச்சு வரிசையில் சேர்க்கும். பொறிக்கேற்ற மொழிபெயர்ப்பைக் 'கப்ஸ்' கவனித்துக்கொள்ளும். உங்கள் பங்குக்கு ஒரு வரி போதும்.

படமாக அடிப்பது மெதுவாகத்தான் நடக்கும். சீட்டுக்குப் பத்து வரிதானே! லாரி மேடையை விட்டு இறங்குவதற்குள் முடிந்துவிடும்.