‘டீத்திங் ப்ராப்ளம்’னா என்ன? எதுக்குச் சொல்லலாம், எதுக்குச் சொல்லக் கூடாது?

புது ஆப் அடிக்கடி ஹேங் ஆகிறது. கேட்டால், ஆபீஸ் மீட்டிங்கில் வரும் பதில்: “டீத்திங் ப்ராப்ளம்தான், சரியாயிடும்!”

பொருள் என்ன?

குழந்தைக்குப் பால்பல் முளைக்கும்போது ஈறு வலிக்கும், எச்சில் ஒழுகும், வீட்டில் யாருக்கும் ராத்தூக்கம் இருக்காது. ஆனால், அது நோய் இல்லை, வளர்ச்சி. அதுபோல, புதிய நிறுவனமோ திட்டமோ இயந்திரமோ தொடக்கத்தில் படும் பாடுதான் ‘டீத்திங் ப்ராப்ளம்ஸ்’. நம்மிடம் ‘பாலாரிஷ்டம்’ என்றொரு பழைய சொல் உண்டு. ஜோதிடத்தில் சிசுவுக்கு வரும் கண்டத்தைக் குறிப்பது. மலையாளத்தில் அது இன்றும் இதே பொருளில் புழங்குகிறது.

எப்படிச் சொல்வது?

பெரும்பாலும் பன்மையில்தான் வரும். ‘இனிஷியல் டீத்திங் ப்ராப்ளம்ஸ்’ என்று சொல்ல வேண்டாம். அது ‘நடு சென்டர்’ மாதிரி ஆகிவிடும்.

எது அசல்?

மீஞ்சூரை அடுத்த அத்திப்பட்டில், 800 மெகாவாட் திறனுள்ள வட சென்னை மூன்றாம் நிலை அனல்மின் நிலையம் 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது. முழுத் திறனை எட்ட மேலும் சில மாதங்கள் பிடித்தன. புது பாய்லரும் டர்பைனும் ஒன்றோடொன்று பழக நேரம் வேண்டும். வணிக உற்பத்திக்கு முன்பு 72 மணி நேரம் தொடர்ந்து முழுத் திறனில் ஓட்டிப் பார்ப்பதும் இதற்காகத்தான். இது அசல் டீத்திங் ப்ராப்ளம்.

எது இல்லை?

அதே வட சென்னை அனல்மின் நிலையத்தின் பழைய அலகுகள் 1990-களில் உற்பத்தியைத் தொடங்கியவை. அங்கிருந்து சாம்பல் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து, கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்த விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் எண்ணூர் மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் புகார் இது. இதற்கு டீத்திங் என்று பெயர் வைக்க முடியாது. பராமரிப்புக் குறை என்றுதான் சொல்ல வேண்டும்.

பால்பற்கள் 20-ம் சுமார் மூன்று வயதுக்குள் முளைத்துவிடும். அந்த வலிக்கு ஒரு கெடு உண்டு. அடுத்த முறை யாராவது இந்த வார்த்தையைச் சொன்னால், “எப்போ சரியாகும்?” என்று கேளுங்கள். தேதி வந்தால் டீத்திங். வராவிட்டால், அது வெறும் சாக்கு.