வேறு மாதிரிப் பிறந்திருந்தால்...?

திருநங்கைகளைப் பற்றி வானொலியில் எப்போது பேசினாலும், நேயர்களிடமிருந்து தவறாமல் ஒரு கேள்வி வந்துவிடும். “ஒரு வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் வேறு மாதிரிப் பிறந்திருக்கத்தானே விரும்புவார்கள்?” கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. அதிகம் கேட்பவர்கள் அம்மாக்கள்தான். சிலர் குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்பார்கள். இரண்டு நிமிடம் பேசினால், அது பக்கத்து வீடு இல்லை என்று புரிந்துவிடும்.

அதனால் இந்த வாரம் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அதற்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் கேள்வி, “பெண்ணாகவே பிறந்திருக்க விரும்புவீர்களா?” என்பது. நான் பேசிப் பார்த்த திருநங்கைகளில் பலர் இதற்கு யோசிக்காமல் ஆமாம் என்பார்கள். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர்கள் ஏங்கியதே அதற்குத்தான்.

இரண்டாவது, “ஆணாகப் பிறந்து, ஆணாகவே நிம்மதியாக இருந்திருக்க விரும்புவீர்களா?” என்பது. பெற்றோர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான். இங்கே பலர் தயங்குகிறார்கள். அப்படி ஒருவர் இருந்திருந்தால் அவர் வேறு யாரோ, நான் இல்லை என்கிறார்கள். சிலர், பட்ட கஷ்டத்தை நினைத்து, அப்படியே இருந்திருக்கலாம் என்றும் சொல்வதுண்டு. எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை.

மூன்றாவது, “திருநங்கையாகவே பிறந்து, ஏற்றுக்கொள்ளும் ஒரு வீட்டில் வளர்ந்திருந்தால்?” என்பது. இந்தக் கேள்வியோடு எனக்கு இதுவரை ஒரு நேயர்கூட அழைத்ததில்லை.

இந்தக் கதைகளைத் திருநங்கைகளே தமிழில் எழுதியிருக்கிறார்கள். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’ 2007இல் வந்தது. மொழியியலில் முதுகலை படித்தவர் அவர். படிப்பு இருந்தும் புனே ரயில்களில் கைநீட்டிப் பிழைக்க வேண்டியிருந்தது. பிறகு மதுரையில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். அந்தப் புத்தகத்தை வைத்துக் கன்னடத்தில் எடுத்த படத்தின் பெயர் ‘நானு அவனல்ல அவளு’. நான் அவன் இல்லை, அவள் என்று பொருள். அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்கு 2014ஆம் ஆண்டுக்கான இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது. நாமக்கல் பக்கத்திலிருந்து கிளம்பிய ரேவதியின் தன்வரலாறு ‘வெள்ளை மொழி’. அண்ணன்மாரிடம் வாங்கிய அடியும் போலீசாரிடம் பட்ட வதையும் அதில் இருக்கின்றன.

இந்தப் புத்தகங்களைப் படிக்கும்போது ஒரு பக்கம் கோடு போட்டுக் கணக்கெடுத்துப் பாருங்கள். எந்தக் கஷ்டம் உடம்பால் வந்தது, எந்தக் கஷ்டம் அடுத்தவர் கையாலும் வாயாலும் வந்தது என்று. இரண்டாவது பக்கம்தான் சீக்கிரம் நிரம்பும்.

இது புரிய நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் வீடுகளில் கறுப்பாகப் பிறந்த பெண் பிள்ளைகளில், வெள்ளையாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று ஒரு நாளாவது அழாதவர் குறைவு. நானும் அழுதிருக்கிறேன். என் தோல் எனக்கு எந்தக் கெடுதலும் செய்ததில்லை. “பிள்ளை லட்சணம்தான், கலர்தான் கொஞ்சம் கம்மி” என்று கல்யாண வீட்டில் சொன்ன வாய்தான் செய்தது. இன்று யாராவது வரம் கொடுத்தால் நான் என் நிறத்தை மாற்றிக் கேட்க மாட்டேன். அந்தக் கல்யாண வீட்டு வாயை மூடச் சொல்லிக் கேட்பேன்.

ஆனால் இந்த உதாரணம் முழுதாகப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் உடம்போடு உள்ள முரண் நிஜமானது. பதின்மூன்று வயதில் குரல் உடையும்போது, மீசை அரும்பும்போது, மார்பு வளரும்போது வரும் தவிப்பு ஊரே மாலை போட்டு வரவேற்றாலும் சிலருக்குப் போகாது. அதற்கு மருத்துவம் இருக்கிறது. எல்லாருக்கும் அது தேவைப்படுவதும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினோராவது பதிப்பில், இந்த நிலையை மனநோய்களின் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. அந்தப் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்தது. சிகிச்சை தேவைப்படுகிறவர்களுக்குக் கதவு மூடிவிடக் கூடாது என்பதற்காக, பாலியல் நலம் பற்றிய பகுதியில் அதைத் தொடர்ந்து வைத்திருக்கிறார்கள். ஆக, உடம்பின் தவிப்புக்கு மருத்துவர் இருக்கிறார். மற்றத் தவிப்புக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த மற்றத் தவிப்பு எப்படி இருக்கும் என்பதை எனக்கு விளங்க வைத்தவர் சி ரூசாவில் ரவிக்கை தைக்கும் ஓர் அக்கா. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது போர்ட்டிக்சன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு தாமானில் வாடகைக்கு இருக்கிறார். தீபாவளி நெருங்கினால் அவர் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. நிகழ்ச்சிக்காகச் சிலரிடம் பேசிக்கொண்டிருந்த சமயம், நேயர்களின் அதே கேள்வியை அவரிடம் வைத்தேன். பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னார்:

“மறுபிறவியப் பத்தி எனக்கென்ன தெரியும் தங்கச்சி? எனக்கு இனிப்புநீர் இருக்கு. மாசா மாசம் மருந்து எடுக்கணும். கிளினிக்ல ஐசியில இருக்கிற பேரச் சத்தமா கூப்பிடுவாங்க. நான் எழுந்தா மொத்தப் பேரும் திரும்பிப் பாக்கும். அதுக்குப் பயந்தே ரெண்டு மாசம் போகல. அந்தப் பார்வை மட்டும் இல்லாம இருந்தா இந்தப் பிறவியே போதும்.”

அவர் சொன்ன அந்த ஐசியைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு எண்களில் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். வங்கி, வேலை, வாடகை வீடு, மருத்துவமனை வார்டு என்று எல்லாக் கதவிலும் அந்த ஓர் எண் முன்னால் போய் நிற்கிறது. 2005இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங், அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு திருநங்கையின் அடையாள அட்டையைத் திருத்தித் தரும்படி தேசியப் பதிவிலாகாவுக்கு உத்தரவிட்டார். அதே காலத்தில் ஈப்போவில் இன்னொருவரின் வழக்கு தோற்றது. ஒரே நாடு, ஒரே சட்டம், இரண்டு பதில்.

சி ரூசாவிலிருந்து சிரம்பான் அதிக தூரம் இல்லை. இந்த விஷயத்தில் நாட்டின் மிகப் பெரிய வழக்கு அங்கேதான் தொடங்கியது. 1992ஆம் ஆண்டு நெகிரி செம்பிலான் ஷரியா குற்றவியல் சட்டத்தின் 66ஆம் பிரிவு, முஸ்லிம் ஆண் ஒருவர் பொது இடத்தில் பெண் உடை அணிந்தால் 1,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. ஒப்பனைக் கலைஞர்களாக வேலை பார்த்த முஸ்லிம் திருநங்கைகள் சிலர் இதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2012இல் சிரம்பான் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2014 நவம்பர் 7ஆம் தேதி, நீதிபதி ஹிஷாமுடின் முகமட் யூனுஸ் தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2015 அக்டோபர் 8ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வழக்கைத் தொடுத்த முறை சரியில்லை என்பதே அதற்குச் சொன்ன காரணம்.

அந்தச் சட்டம் நம் இந்துக் குடும்பங்களைத் தொடாது என்று சிலர் நினைக்கலாம். 1955ஆம் ஆண்டு சிறு குற்றங்கள் சட்டத்தில் ‘அநாகரிக நடத்தை’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. முஸ்லிம் அல்லாத திருநங்கைகள் பிடிபட்டது அதன்கீழ்.

சிரம்பான் வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது தீர்ப்பைவிட, அவர்கள் கேட்டது என்ன என்பதுதான். எங்களை வேறு மாதிரிப் பிறக்க வைத்திருக்கலாமே என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை. காலையில் வேலைக்குப் போய், பிடிபடாமல் வீடு திரும்ப வேண்டும் என்று கேட்டார்கள். ரவிக்கை தைக்கும் அக்கா கேட்டதும் கிட்டத்தட்ட அதுவேதான்.

நல்ல கதவு ஒன்று திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மொழியில் சாட்சி இருக்கிறது. மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தவர். தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளை அவரைச் சீடராக ஏற்றுக்கொண்டு பரதம் சொல்லிக் கொடுத்தார். 2019இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. அப்படி ஒரு குரு வாய்க்காமல் போன பிள்ளைகளுக்குள் என்னென்ன இருந்ததோ!

இப்போது, குரலைத் தாழ்த்திப் பேசும் அந்த அம்மாக்களிடம் வருகிறேன்.

உங்கள் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருப்பது எனக்குத் தெரியும். நான் வளர்த்ததில் பிழையா, முன்ஜென்ம பாவமா, கர்ப்பத்தில் ஏதாவது தப்புச் செய்தேனா என்பது அது. பிள்ளை வளர்ப்பால் இது வருகிறது என்று எந்த ஆய்வும் நிரூபித்ததில்லை. அக்காக்களோடு விளையாட விட்டதால் வந்தது, அப்பா வேலைக்காட்டிலேயே கிடந்ததால் வந்தது என்று உறவினர் சொல்லும் கணக்குகளை விட்டுத் தள்ளுங்கள்.

கயிறு கட்டவும், பேய் ஓட்டவும், ‘ஆம்பளையாக்கி’ விடுவதாகச் சொல்கிறவரிடமும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அலையாதீர்கள். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலின அடையாளத்தை மருத்துவத்தால் ‘குணப்படுத்த’ முயல்வதற்கே தடை விதித்தார். அந்த வழக்கில் அவர் செய்த இன்னொன்றும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது. இந்த விஷயம் தனக்குப் போதுமான அளவு புரியவில்லை என்று சொல்லி, தீர்ப்பு எழுதும் முன் ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். ஒரு நீதிபதியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், நமக்கு என்ன கூச்சம்?

பிள்ளையின் படிப்பை நிறுத்தாதீர்கள். எஸ்பிஎம் முடிக்கும் முன் வீட்டை விட்டுப் போகும் பிள்ளைக்கு, வெளியில் காத்திருக்கும் வேலைகள் என்ன என்று உங்களுக்கே தெரியும். “சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க?” என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் அந்தச் சொந்தக்காரர்கள் வருடத்தில் நான்கு நாள் வந்து சாப்பிட்டுப் போகிறவர்கள். பிள்ளை அப்படி இல்லை.

வேறு மாதிரிப் பிறந்திருக்க விரும்புகிறாயா என்று மட்டும் அந்தப் பிள்ளையிடம் கேட்காதீர்கள். உன்னைப் பெற்றது எனக்கு வருத்தம் என்றுதான் அது அந்தக் காதில் விழும். இந்தத் தீபாவளிக்குத் துணி எடுக்கக் கடைக்குப் போகும்போது, “உனக்கு என்ன எடுக்கட்டும்?” என்று கேளுங்கள். பதில் வந்தவுடன் எதுவும் சொல்லிவிட வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள். இன்னும் சொல்ல நிறைய இருக்கும்.