மீனுக்கும் பிளட் டெஸ்ட் உண்டு.. ஆனா மே மாச ரிப்போர்ட் டிசம்பருக்குச் செல்லாது! ஏன்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்யும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்துக்குள் வந்தது. படகு, வலை, அலையாத்தி மரம் என எங்கும் கறுப்பாகப் படிந்தது. இப்படி நடக்கும்போதெல்லாம் எழும் கேள்வி, மீனுக்கு என்ன ஆச்சு?

செத்து மிதக்கும் மீனை எண்ணிவிடலாம். உயிரோடு நீந்தும் மீன் நல்லா இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி, ரத்தப் பரிசோதனை. வால் பக்கம் முதுகெலும்பை ஒட்டிப் போகும் குழாயில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள். ஹீமோகுளோபின், சிவப்பணு, வெள்ளையணு, சர்க்கரை என நமக்குப் பார்ப்பது போலத்தான். ஆனால் மீனின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, நம்முடையதில் கிடையாது. அதனால் மனித ரத்தத்துக்கான மெஷினில் போட்டால் கணக்கு தப்பும். பெரும்பாலும் மைக்ராஸ்கோப்பில் கையால்தான் எண்ண வேண்டும்.

நார்மல் எவ்வளவு?

நம் லேப் ரிப்போர்ட்டில் நார்மல் அளவு பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். ஆற்றிலும் கடலிலும் வாழும் மீனுக்கு அப்படி ஒரே நம்பர் சொல்ல முடியாது.

முக்கியக் காரணம், தண்ணீரின் சூடு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே வெயிலில் மீனின் உடலுக்கு ஆக்சிஜன் தேவையும் கூடுகிறது. அதைச் சமாளிக்கப் பல மீன்களில் கோடையில் சிவப்பணுக்கள் கூடும். சினைப் பருவத்தில் பெண் மீனின் ரத்தத்தில் கால்சியமும் புரதமும் ஏறும். வலையில் சிக்கித் துடித்தாலே சர்க்கரை எகிறிவிடும்!

இடமும் முக்கியம். அண்டார்டிகாவின் பனிமீன்களுக்கு ஹீமோகுளோபினே கிடையாது, ரத்தம் நிறமற்றது. உறையும் குளிரில் ஆக்சிஜன் தாராளமாகக் கரைவதால் அவை பிழைத்துக்கொள்கின்றன. நமக்கு அந்த ரிப்போர்ட் வந்தால் அவ்வளவுதான்.

எண்ணூரில் என்ன சிக்கல்?

எண்ணெய் வந்த அதே நேரத்தில்தான் வெள்ளமும் வந்தது. கோடையில் உப்பு ஏறிக் கிடக்கும் முகத்துவாரத்தில் மழைவெள்ளம் புகுந்தால் உப்பு சட்டென்று இறங்கும். அங்கே வாழும் மடவை மீனின் ரத்தம் அதற்கே மாறலாம். எண்ணெய்யும் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. ரத்தம் குறைந்திருந்தால் காரணம் எது? மாசுபடுத்தியவர், 'அது மழை செய்த வேலை' என்று தப்பிக்கலாம். மழை செய்த மாற்றத்தை மாசு என்று தவறாக எழுதிவிடவும் வாய்ப்பு உண்டு.

இதைப் பிரித்துப் பார்க்க, எண்ணெய் எட்டாத வேறொரு முகத்துவாரத்தில், அதே மாதம், அதே இனம், அதே அளவு மீனைப் பிடித்து ஒப்பிட வேண்டும். அதைவிட நல்லது, விபத்துக்கு முன்பே மாதாமாதம் எடுத்து வைத்த கணக்கு. எண்ணெய் வந்த பிறகு அதைத் தயாரிக்க முடியாது.

உட்கரு இருப்பதில் ஒரு வசதியும் உண்டு. சில நச்சுகள் மரபணுவைத் தாக்கினால், சிவப்பணுவுக்குள் குட்டி உட்கரு தனியாகப் பிரிந்து நிற்பது மைக்ராஸ்கோப்பில் தெரியும். அதனால் வெறும் எண்ணிக்கையோடு இதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

சரி, ரத்தம் நார்மல் என்றால் மீனை வாங்கிச் சாப்பிடலாமா? அதை இந்த டெஸ்ட் சொல்லாது. அதற்குச் சதையில் ரசாயனம் தங்கியிருக்கிறதா என்று தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.