சிலையில் அடங்காத உழைப்பு

சென்னைக் கடற்கரையில் 1959-ஆம் ஆண்டு முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையை அறியாத தமிழர் மிகச் சிலரே. நெம்புகோல்களை ஊன்றிப் பெரும்பாறை ஒன்றைப் புரட்ட முனையும் நால்வரின் தேகத்தில் முறுக்கேறிய தசையையும் நரம்பையும் வெண்கலத்தில் வடித்த தேவிபிரசாத் ராய் சௌதுரியின் மேதைமையில் எனக்குச் சந்தேகமேயில்லை. ஆயினும், அந்தச் சிற்பம் காட்டுவது ஒரே ஒரு க்ஷணத்தைத்தான் என்பதையும், அது கழிந்ததும் பாறை பெயர்ந்து வெற்றி கிட்டிவிடும் என்கிற நம்பிக்கையோடுதான் நாம் அதை அண்ணாந்து பார்க்கிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உலகத்தில் பெரும்பாலோர் செய்யும் வேலைக்கு அத்தகைய வெற்றி கிடையாது. நேற்றுத் துலக்கிய பாத்திரத்தை இன்றும் துலக்குவதும், விடியலில் கூட்டிய வீதியை மறு விடியலில் மீண்டும் கூட்டுவதும், ஒரே தையலை நாள் முழுதும் சட்டை சட்டையாகப் போட்டுக்கொண்டிருப்பதும் எந்த வெண்கலத்தில் அடங்கும்?

இவ்வகை உழைப்பை உள்ளபடி காட்ட வேண்டுமானால், கலைஞன் கல்லையும் உலோகத்தையும் ஒதுக்கிவைத்துத் தன் தேகத்தையும் காலத்தையுமே மூலப்பொருளாகக் கொடுத்தாக வேண்டும் என்பது என் கட்சி. அப்படிக் கொடுத்தவர்களுள் முதலில் சொல்லத் தக்கவர் டெச்சிங் ஷியே. தைவானில் பிறந்து, கப்பல் சிப்பந்தியாக வந்து, 1974-இல் அமெரிக்கக் கரையில் கப்பலை விட்டு நழுவி, குடியேற்ற அனுமதி ஏதுமின்றி நியூயார்க் உணவகங்களில் தட்டுக் கழுவிப் பிழைத்த அவர், 1980 ஏப்ரல் 11 தொடங்கி ஓராண்டுக் காலம், ஆலைத் தொழிலாளர் அட்டையைச் செருகி நேரம் பதிக்கும் கடிகாரம் ஒன்றைத் தம் கூடத்தில் மாட்டிக்கொண்டு, இரவென்றும் பகலென்றும் பாராமல் மணிக்கு ஒருமுறை அதில் அட்டை பதித்தார். பதித்த ஒவ்வொரு முறையும் சீருடையோடு அதன் பக்கத்தில் நின்று திரைப்படச் சுருளில் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் உறங்க முடியாது. தூரமாக எங்கும் போக முடியாது. 8,760 மணிகளில் தவறியவை 133. அவற்றுள் 94 உறக்கத்தில் தவறியவை என்று கணக்கும் வைத்திருக்கிறார். அந்தப் படங்களைக் கோத்து ஓட்டினால் ஓராண்டு ஆறே நிமிஷத்தில் தீர்ந்துபோகிறது. தொடக்கத்தில் மழித்திருந்த தலையில் மயிர் வளர்ந்து தோளைத் தொடுகிறது, கடிகார முள் பேய்பிடித்தாற்போல் சுற்றுகிறது, மனிதர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று துடிக்கிறார். உற்பத்தியான பண்டம் ஒன்றுமில்லை. கூலிக்காரன் விற்பது தன் ஆயுளைத்தான் என்பதை இதைவிடப் பிரத்தியட்சமாக எந்தப் பொருளாதார நூலும் எனக்கு விளக்கியதில்லை.

ஷியேயின் விரதத்தில் அவர் தனியர். அமெரிக்கப் பெண்மணி மியர்ல் லேடர்மன் யூக்கலிஸோ பிறர் உழைப்பின் பக்கத்தில் போய் நின்றார். தாயானபின் நாளெல்லாம் அணையாடை மாற்றுவதிலும் வீடு துடைப்பதிலும் கழியக் கண்டு, இவ்வேலைகளையே இனித் தம் கலையாகக் கொள்வதென 1969-இல் ஓர் அறிக்கை வெளியிட்ட அவர், 1973-இல் ஹார்ட்ஃபோர்டு நகரத்து வாட்ஸ்வொர்த் அருங்காட்சியகத்தின் படிகளை, வருவோர் போவோர் பார்த்திருக்க, மண்டியிட்டுக் கழுவினார். பின்னர் நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையில் சம்பளமில்லாக் கலைஞராகச் சேர்ந்து, 1979-இலும் 1980-இலுமாக ஏறத்தாழ 11 மாதம், ஷிப்டுக்கு ஷிப்டு அலைந்து, 8,500 தொழிலாளரையும் நேரில் கண்டு கைகுலுக்கி, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்காக ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி சொன்னார். குனிந்து குப்பைப் பையைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, வண்டிக்குள் வீசும் அவர்களுடைய அசைவை அவர்கள் பின்னாலேயே நின்று தாமும் செய்து பார்த்ததுண்டு.

நன்றியால் கூலி உயருமா என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்விதான். பெருந்தொற்றுக் காலத்தில் துப்புரவுப் பணியாளருக்குக் கைதட்டியவர்கள் அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு போனதை நாமும் பார்த்தோமல்லவா! ஆனால், ஒருநாள் உபசாரத்துக்கும் அதையே 8,500 முறை செய்வதற்கும் வித்தியாசம் உண்டு. பின்னதில், நன்றி சொல்பவருக்கே அது வேலையாகிவிடுகிறது.

இதற்கு நேர்மாறானது, 2010-இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் சீனக் கலைஞர் அய் வெய்வெய் பரப்பிய பீங்கான் சூரியகாந்தி விதைகள். சீனத்து ஜிங்டெசென் நகரத்தில் சுமார் 1,600 கைவினைஞர் 10 கோடி விதைகளைச் செய்து கையாலேயே கோடு தீட்டினர். கூலி கிடைத்தது; அழகும் மறுக்கத்தக்கதன்று. எனினும், திரும்பத் திரும்பத் தூரிகை பிடித்த கை அவர்களுடையது, பெயர் ஒருவருடையது. ஆலையின் பழைய நியாயம் கலைக்கூடத்துக்குள் அப்படியே குடியேறிவிட்டது என்றே கருதுகிறேன்.

நம் ஊரில் உழைப்பைப் பொருளாகக் கொண்டு கண்காட்சியும் நிகழ்த்துகலையும் நடத்த முன்வருவோருக்கு ஒரு விண்ணப்பம்: மண்டபத்தை நாள்தோறும் கூட்டித் துடைப்பவரின் பெயரையும் கலைஞர் பெயரோடு சேர்த்து அழைப்பிதழில் அச்சிடுங்கள், அவருக்குரிய கூலியை ஒப்பந்தக்காரர் வழியாக அன்றி அவர் கையிலேயே கொடுங்கள்.