கணிப்பொறியும் கூடத்துச் சங்கீதமும்

தக்காணத்துப் பாறைகளுக்கிடையே ஒரு கிராமமாக இருந்த மாதாப்பூர், 1998-இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது முதல் ஹைதராபாத்தின் கணிப்பொறித் தொழிலுக்கே ராஜதானியாக வளர்ந்ததையும், அத்தொழிலை நாடித் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே குடியேறியதையும் யாவரும் அறிவர். ஆயினும், கணிப்பொறியின் நுட்பங்களையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள் வாழும் அவ்வூரிலும், சங்கீதம் மட்டும் மடிக்கணினியின் அடிப்புறத்துச் சிறு துளைகள் வழியே கேட்டாற் போதுமென்று எண்ணப்படுவது வருந்தத்தக்கது. வீட்டில் நல்லதோர் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் இருக்குமாயின், கணிப்பொறியை அவற்றோடு இணைப்பதே அந்தச் சங்கீதத்திற்கு நாம் செய்யும் நியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

தம்புராவின் நாதம் தனியொரு ஸ்வரமன்று. குதிரையின்மேல் வைத்த ஜீவாளி நூலினால், ஒவ்வொரு மீட்டலிலும் அநுநாதங்கள் அடுக்கடுக்காக எழுகின்றன. ரவைப் பசை அப்பிய தொப்பியில் மிருதங்க வித்துவான் எழுப்பும் கும்கியோ, காற்றைப் பெருமளவில் அசைத்தாலன்றிக் கேளாத தாழ்ந்த ஒலி. நாணயமளவுள்ள ஸ்பீக்கருக்கு அவ்வளவு காற்றை அசைக்கும் சக்தி இல்லையாதலால், லயம் நம்மை எட்டினாலும் அதன் கம்பீரம் எட்டுவதில்லை.

மூல ஒலிப்பதிவில் குறையொன்றும் இல்லை. 1982-இல் விற்பனைக்கு வந்த சி.டி., வினாடிக்கு 44,100 முறை, 16 பிட் நுட்பத்துடன் ஒலியை அளந்து வைப்பது. வினாடிக்கு அதன் 1,411 கிலோபிட்டை 128 ஆகச் சுருக்கும் எம்.பி.3 கோப்பு விட்டுவிடுவதை, 2001-இல் வெளிவந்த ஃப்ளாக் முறை ஒன்றும் விடாமல் காக்கிறது. கோப்பிலுள்ள எண்களை மின்னலைகளாக மாற்றும் டி.ஏ.சி. என்னும் சாதனம், கணிப்பொறிக்குள் பலவித மின்சாரச் சலனங்களிடையே இயங்குவதால் சிற்சில சமயம் இரைச்சலையும் கிரகித்துக்கொள்கிறது, ஆகவே யு.எஸ்.பி. வழியே வெளியில் தனியாக ஒரு டி.ஏ.சி.யை வைத்துக்கொள்வது உத்தமம்.

அதற்கு வசதியில்லாதவர்கள், ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் ஒரு கேபிளோடு தொடங்கலாம். அதை ஆக்ஸ் என்ற இடத்தில் செருக வேண்டுமேயன்றி, இசைத்தட்டின் மெல்லிய சமிக்ஞையைப் பன்மடங்கு பெருக்குவதற்கென்றே அமைந்த ஃபோனோவில் செருகலாகாது. இணைத்தபின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம் கேட்குமாயின், சார்ஜரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ரீங்காரம் அடங்கினால், பூமியிணைப்பு இருவழியாகச் சுற்றுவதே பெரும்பாலும் காரணம். அதற்காக எர்த் பின்னை நீக்குவது உயிருக்கே அபாயம். ஆப்டிகல் கேபிள் உபயோகித்தால், மின்தொடர்பே இன்றி ஒலி மட்டும் சென்று சேரும்.

ஹெட்ஃபோன் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது நுட்பத்தைத் தரும். ஆனால் கேட்பவரைத் தனிமைப்படுத்திவிடும். நம் சங்கீதமோ, தலையசைக்கவும் தாளம் போடவும் பக்கத்தில் ஒருவர் இருக்கையில் சுகம் மிகுவது. தியாகராஜர் கீர்த்தனம் இயற்றிய தெலுங்கே வீதியில் வழங்கும் மாதாப்பூரில், சாகித்தியத்தின் பொருளைச் சொல்ல அண்டைவீட்டார் இருக்க, ராகத்தின் போக்கைச் சொல்ல நம் வீட்டுப் பெரியவர்கள் இருக்க, அவ்விருவரும் ஒரே கூடத்தில் அமர்ந்து கேட்கும்படி செய்வதற்கு ஒரு கேபிளின் விலையைத் தவிர வேறு தடையில்லை. குழந்தைகளுக்குச் சங்கீதப் பயிற்சி அளிப்பதில் சிரத்தை கொண்ட குடும்பங்கள், நல்ல நாதத்தை அவர்கள் செவிக்குப் பழக்குவதையும் அப்பயிற்சியின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.