முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள்

போன தை மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய கேசட் கிடைத்தது. 1987-இல் நான் பதிவு செய்தது. எங்கள் வாலிகண்டபுரம் வீட்டுத் திண்ணையில் அம்மா சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டே பாடிய பாட்டு. அம்மாவின் குரல் என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். "கம்ப்யூட்டர்ல ஏத்திடு தாத்தா" என்றாள் பேத்தி.

பழைய டெக், ஒரு யூ.எஸ்.பி. சவுண்டு கார்டு, லேப்டாப், கேட்பதற்கு ஆம்ப்ளிஃபயர். எல்லாவற்றையும் இணைத்தேன். அம்மாவின் மெல்லிய குரலுக்குப் பின்னால் ஒரு கீச்சுச் சத்தம். மவுஸை நகர்த்தினால் அதுவும் சுருதி மாறியது. நாடாவின் 'ஸ்ஸ்' எனக்குத் தெரியும், இது அதில்லை.

யோசனைகள் வந்து குவிந்தன. விலை உயர்ந்த கேபிள் வாங்கச் சொன்னார் சென்னை மச்சான். "எர்த் பின்னை எடுத்துட்டா சத்தம் போயிடும் சார்" என்றார் வயரிங் செய்யும் தம்பி. அப்படியே பதிவு செய்துவிட்டுப் பிறகு மென்பொருளால் சத்தத்தை நீக்கலாம் என்றான் பேரன். மூன்றும் வேண்டாம் என்பது என் கட்சி.

முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். கொஞ்சம் பாடம் நடத்தப் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து எலிமினேட்டர் கனமாக இருக்கும். உள்ளே இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். இன்றைய சார்ஜர் இலேசானது. அது மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம், சில சமயம் லட்சம் தடவைக்கு மேல் வெட்டி வெட்டித் தருகிறது. அந்த வெட்டின் மிச்சம் யூ.எஸ்.பி. வயரின் கிரவுண்ட் கம்பி வழியாக ஒலிக்குள் நுழைகிறது. ஆம்ப்ளிஃபயருக்கு அம்மா குரலும் ஒன்றுதான், அந்த மிச்சமும் ஒன்றுதான், இரண்டையும் பெரிதாக்கிவிடும்.

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிட்டேன். கீச்சு நின்றது. செலவு பூஜ்யம்.

ஆனாலும் மெல்லிய கரகரப்பு மிச்சமிருந்தது. அதைப் பிடிக்க டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்தேன். திருச்சி வானொலியை 936 கிலோஹெர்ட்ஸில் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து வீடு முழுக்க நடந்தால் குற்றவாளி கத்திக் காட்டிக்கொடுத்துவிடுவான். என் வீட்டில் இரண்டு பேர்: மலிவான எல்.இ.டி. பல்பு ஒன்று, செட்டாப் பாக்ஸின் அடாப்டர் ஒன்று. பதிவு முடியும்வரை இரண்டையும் அணைத்தேன். ஒலி வயர்களைக் கரண்ட் வயர்களிலிருந்து தள்ளி வைத்தேன். கரண்ட் போனால் பதிவையும் நிறுத்தினேன். சதுர அலை இன்வெர்ட்டரில் ஃபேனே உறுமுகிறது.

டிவியை ஆம்ப்ளிஃபயருடன் இணைப்பவர்கள் இரண்டிலும் ஆப்டிகல் துளை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். 1983-இல் தோஷிபா கொண்டுவந்த முறை. அந்த வயரில் ஒளிதான் போகிறது. மின்சாரம் போகாததால் மின்சாரச் சத்தமும் அதன் வழியே வராது.

எர்த் பின் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். மூன்றாவது பின் நீளமாக இருப்பதே முதலில் தொட்டு, கடைசியில் விடுபடத்தான். உள்ளே வயர் கழன்று இரும்புப் பெட்டியைத் தொட்டால் உயிரைக் காப்பது அதுதான். 'உம்' என்ற உறுமல் கேட்டால் எல்லாக் கருவிகளையும் ஒரே போர்டில் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் குறையும். குறையாவிட்டால் ஒலி வயரின் நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். உறுமலோடு கூட வாழலாம். எர்த் இல்லாமல் வேண்டாம்.

மென்பொருளையும் சோதித்துப் பார்த்தேன். கீச்சு போனது. கூடவே, பாட்டின் இரண்டு அடிகளுக்கு நடுவே அம்மா மூச்சு இழுப்பதும் போய்விட்டது. மெல்லிய சத்தங்களில் எது வேண்டாதது, எது அம்மா என்று அதற்கு எப்படித் தெரியும்? சத்தத்தை அது பிறக்கும் இடத்திலேயே அடக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

இப்போது பதிவு சுத்தமாக இருக்கிறது. நாடாவின் 'ஸ்ஸ்' அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். ஓரிடத்தில், தூரத்தில், வாலீஸ்வரர் கோயில் மணி கேட்கிறது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அது அந்த நாடாவில் இருந்திருக்கிறது. சார்ஜரைக் கழற்றிய பிறகுதான் என் காதில் விழுந்தது.